புகழ் பெற்ற கீழ்ப்பாதி

மனாங் சோலெங் தபுக்சுபாவை விட்டுப் போனது டிசம்பர் பதினாறாம் தேதி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய விடியற்காலைப் பூசைகள் அன்றைக்குத்தான் தொடங்கின. முதல் பூசை முடிந்து, கோயில் வாசலில் ஓலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரம் விற்கிறவள் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தாள். அதே காலையில்தான் ஊர்முனையில் லோர்னா மே பெசானாவுக்கு வாழ்த்து ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஃப்ளெக்ஸில் கப்பித்தான் எர்னிங்கின் முகம் தண்ணீர்த்தொட்டி அளவுக்கு இருந்தது. ஊர்த்தலைவர் என்றால் அந்த அளவாவது வேண்டும். பக்கத்தில் அவர் மனைவி, கொஞ்சம் சின்னதாக. கீழ் மூலையில், தபால்தலைக்கு அக்கா என்று சொல்லக்கூடிய அளவில், லோர்னா. ‘தபுக்சுபாவின் பெருமை! உலகப்புகழ் படக்கதைக் கலைஞர்!’ உலகம் என்பது இங்கே மணிலாவில் ஒரு பத்திரிகை, ஒரு டிவி, இலோஇலோவில் ஒரு கண்காட்சி. ஃப்ளெக்ஸை வடிவமைத்ததும் லோர்னாதான். அவள் வேலையே அது. தன் முகத்தைத் தானே சுருக்கி, கப்பித்தானின் முகத்தைத் தானே பெருக்கி, அவர் கன்னத்து மருவையும் தானே அழித்திருந்தாள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றபோது போயெட்டின் டிரைசிக்கிள் வந்தது. கூரைமேல் அலுமினியச் சட்டிகள், அரிசிக் குக்கர், கறி வைக்கிற கண்ணாடிப் பெட்டி எல்லாம் கயிற்றால் கட்டியிருந்தன. தூறலுக்காகப் பக்கவண்டியின் படுதாவை இறக்கிவிட்டிருந்தான். படுதாவுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு செருப்புக்கு நீல வார், மற்றதற்குப் பச்சை வார்.

“மனாங்!” என்று லோர்னா கூப்பிட்டாள். ஊரில் எல்லோருக்கும் அவள் மனாங்தான், அக்கா.

வண்டி நிற்கவில்லை. அந்தக் கால்கள் ஒன்றும் சொல்லவும் இல்லை. எட்டு வருஷமாக அந்தக் கால்கள் சொல்வதைப் படித்தே படக்கதை வரைந்தவள் லோர்னா. அவை வாயை மூடிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“இண்டாய், ஏணிய ஆட்டாத பொண்ணே!” என்று மேலிருந்தவன் கத்தினான். “கப்பித்தான் தலை கோணலாவுது பாரு!”

*

லோர்னாவுக்கு முப்பத்துநாலு வயது. பிறந்தநாள், ஞானஸ்நானம், பட்டமளிப்பு, மரணம் ஆகிய நான்குக்கும் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் படம் கோக்கிற வேலை. ஒரு ஊரின் எல்லாப் பெருமையும் தன் கைவழியாகத்தான் போகிறது, தன்னிடம் மட்டும் ஒன்றும் நிற்பதில்லை என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள். மதியச் சாப்பாடு எதிர்ச்சாரியில், மனாங் சோலெங்கின் கடையில். துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் போட்ட குழம்பு; செவ்வாயும் வெள்ளியும் பன்றி ரத்தக் கறி. மனாங்குக்குப் புருஷன் இல்லை, மகள் பக்கோலோடு நகரத்தில். மதியம் தாண்டுவதற்குள் சட்டி காலியானால்தான் மறுநாள் சந்தைக்குப் போக முடியும் என்கிற மாதிரி வியாபாரம். இருபது வருஷமாகச் சட்டி காலியாகிக்கொண்டுதான் இருந்தது.

லோர்னா உட்காருகிற மூலை பெஞ்சு தாழ்வானது. அங்கிருந்து பார்த்தால் சமையலறை வாசலில் பாதித் திரை. திரைக்குக் கீழே மனாங்கின் கால்கள் மட்டும் நடமாடும். கடன் கேட்கிறவன் வந்தால் விரல்கள் சுருண்டுகொள்ளும். குழம்பில் குறை சொன்னால் வலது குதிகால் தரையில் தட்டும். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு போலீஸ்காரர் வந்தால் மட்டும் ஒரு பாதம் போய் மற்றக் கெண்டைக்காலைத் தேய்க்கும். மேலே மனாங்கின் குரல் எப்போதும் ஒரே மாதிரிதான்: “என்ன வேணும், சீக்கிரம் சொல்லு.” நாடகமெல்லாம் கீழே.

இப்படித்தான் ‘மிச்சப்பாதி’ பிறந்தது. மனனங்கல் என்ற பெண்பேயைப் பற்றித் தெரியாதவர்கள் கப்பிஸ் மாகாணத்தில் கிடையாது. இருட்டியதும் இடுப்போடு பிய்த்துக்கொண்டு மேல்பாதி சிறகடித்துப் பறந்துபோகும், கர்ப்பிணிகளைத் தேடி. கீழ்ப்பாதி வாழைத்தோப்பில் நின்றபடி காத்திருக்கும். யாராவது அதன்மேல் உப்பைத் தூவிவிட்டால் முடிந்தது, மேல்பாதி திரும்பி ஒட்ட முடியாது. கதை சொல்கிற எல்லோரும் மேல்பாதியின் பின்னாலேயே பறந்துவிட்டார்கள். லோர்னா கீழ்ப்பாதியிடமே நின்றுகொண்டாள். ராத்திரி முழுக்க வாழைமரத்தடியில் நின்று சலித்துப்போன கீழ்ப்பாதி, ஒருநாள் கிளம்பி நடனப்போட்டிக்குப் போகிறது. இரண்டாம் இதழில் ரேஷன் வரிசையில் நிற்கிறது. மூன்றாம் இதழில் ஒரு போலீஸ்காரரைக் காதலிக்கிறது.

முதல் இதழை மனாங்கிடம் காட்டியபோது அவள் கறிக்கரண்டியோடு நின்றே படித்தாள்.

“என் காலுக்கு இம்புட்டு அறிவா?”

“கோவமா மனாங்?”

“கோவம் என்ன கோவம். செருப்பையாவது ஒரே சோடியா வரஞ்சிருக்கலாம்.” குதிகால் தட்டவில்லை. “யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. நம்ம ஊர் வாய் உனக்குத் தெரியும்ல?”

தெரியும். நன்றாகவே தெரியும். கப்பிஸ்காரி என்று வெளியூரில் சொன்னாலே, “ராத்திரி பறப்பியா?” என்று கேட்கிற நாட்டில் பிறந்தவள் அவள். அதிலும் சமைத்து விற்கிறவள் அஸ்வாங், ஆள் தின்னும் பேய், என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அவள் கைச்சோறு தொண்டையில் இறங்காது. எல்லாம் தெரிந்துதான் லோர்னா தலையாட்டினாள்.

*

புகழ் முதலில் இலோஇலோ கண்காட்சியில் வந்தது. ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த புத்தகங்களோடு லோர்னா ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் ஒரு உருவம் வந்தது. கீழே பாவாடை, இரண்டு நிறச் செருப்பு. இடுப்புக்கு மேலே கறுப்புச் சாக்கு. தூணில் ஒருமுறை, ஐஸ்கிரீம் வண்டியில் ஒருமுறை முட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

“மேடம், நான் உங்க பெரிய ரசிகன்” என்றது சாக்கு.

லோர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று இரவு கையெழுத்துப் போட்டுப் பழகினாள். ‘பெ’யின் வாலை நீட்டிச் சுழித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் சுழித்த வால் வாங்கினவரின் பெயர்மேல் ஏறி, இரண்டு புத்தகம் வீணானது.

அடுத்து மணிலாவிலிருந்து ஒரு நிருபர் வந்தாள். பெயர் ஆந்த்ரியா. பெரிய கண்ணாடி, பெரிய வார்த்தைகள்.

“முகமும் கையும் இல்லாத ஒரு பெண்ணை நாயகியா வச்சிருக்கீங்க. குரல் பறிக்கப்பட்ட பெண் உடம்போட எதிர்ப்புன்னு இதை எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கலாம்” என்றாள் லோர்னா.

அவளுக்குக் கை வரைய வராது. எத்தனை முயன்றாலும் விரல்கள் வாழைச்சீப்பாகிவிடும். முகம் அதைவிட மோசம். கையும் முகமும் இல்லாத நாயகி கிடைத்தது கடவுள் கொடுத்த வரம். இதை ஆந்த்ரியாவிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் அதற்குள் ‘எதிர்ப்பு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள். பிறகு லோர்னாவை வாழைத்தோப்புக்கு நடுவில் நிறுத்தி, கையில் பூண்டுச் சரத்தைக் கொடுத்து, தூரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். தூரத்தில் ஒரு கம்பளிப்பூச்சி இருந்தது. பேப்பரில் வந்த படத்தில் அவள் முகத்தில் தெரிகிற ஆழ்ந்த சோகம் அதைப் பார்த்து வந்ததுதான்.

அக்டோபர் கடைசியில் டிவிக்காரர்கள் வந்தார்கள். கல்லறைத் திருநாள் நெருங்கினால் எந்த டிவியும் பேய் தேடிக் கப்பிஸுக்கு வரும். மழைக்கால ஈசல் மாதிரி. லோர்னா அவர்களுக்காகக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அக்குள் இரண்டும் நனைந்துபோயிருந்ததால் கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டே பேசினாள்.

“இதெல்லாம் கற்பனையா, இல்ல நிஜத்துல பார்த்ததா?” என்று கேட்டார்கள்.

‘கற்பனை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் கோட்டு போட்டிருந்தாளே!

“கலைஞன் உயிரோட இருக்கறதத்தான் வரைவான்” என்றாள் லோர்னா, தூரத்தைப் பார்த்துக்கொண்டே. “அந்தக் கால்கள் இப்பவும் இந்த ஊர்ச் சந்தையில நடந்துக்கிட்டுதான் இருக்கு.”

நிகழ்ச்சியில் அந்த வரியை மட்டும் போட்டார்கள். பின்னால் இடி இடித்தது. அடுத்து சந்தை. கீரைக்கட்டுகளுக்கு இடையே ஒரு நீல வார், ஒரு பச்சை வார். மரியாதைக்காக மனாங்கின் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். கொள்ளைக்காரனுக்கும் கொலைகாரனுக்கும்தான் அப்படி மங்கலாக்குவார்கள் என்பது டிவி பார்க்கிற யாருக்கும் தெரியும்.

*

முதல் இரண்டு வாரம் கெட்டதாகத் தெரியவில்லை. ரசிகர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். மனாங் பாவாடையைக் கெண்டைக்கால்வரை தூக்கிப்பிடித்துப் போட்டோவுக்கு நின்றாள். “மூஞ்சிய எடுக்கவே மாட்டேங்கிறானுங்களே, காலையிலேர்ந்து பவுடர் போட்டு வச்சிருக்கேன்” என்று புலம்பினாலும் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷந்தான். ஒரு கல்லூரிப் பையன் மேசைமேல் உப்புப் பொட்டலம் வைத்துவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்து, அதைக் குழம்பில் போட்டாள்.

ரசிகர்கள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். தினமும் சாப்பிடுகிறவர்கள் டிரைசிக்கிள் ஓட்டுகிறவர்கள். முதலில் ரத்தக் கறி நின்றது. செவ்வாய்க்கிழமை சட்டி நிறைய மிஞ்சியது; வெள்ளிக்கிழமையும் மிஞ்சியது. அப்புறம் சோறும் மிஞ்சத் தொடங்கியது. போயெட்டின் மனைவி ஜெரலின் மாசமாக இருந்தாள். அவன் வீட்டு ஜன்னலில் பூண்டும் உப்புப் பையும் தொங்கின.

“நான் நம்பல, மனாங்” என்றான் போயெட், வண்டியை நிறுத்தாமலே. “மாமியாதான் ஒத்துக்க மாட்டேங்குது.”

“உன் கல்யாணத்துல உன் மாமியாளுக்குச் சோறு போட்டதே நான்டா!”

“அதத்தான் இப்ப நெனச்சு நெனச்சு வாந்தி எடுக்குது.”

மனாங் சிரிக்கவில்லை. திரைக்குக் கீழே கால்கள் ஒரே இடத்தில் நின்றன.

லோர்னா பிராயச்சித்தத்தில் இறங்கினாள். முதலில் ஒரு நாளைக்கு மூன்று வேளையும் அங்கேயே தின்றாள். கோட்டுப் பொத்தான் போட முடியாமல் போனதுதான் மிச்சம். பிறகு வானொலிக்குப் போய், அந்தக் கால்கள் யாருடையதும் அல்ல என்றாள். “அப்போ உண்மையான மனனங்கல் யாரு, நேயர்களுக்குச் சொல்லுங்க” என்றார் நடத்துகிறவர். நேயர்கள் போன் போட்டு ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் மனாங் சோலெங் என்றார்கள். மிச்சக் கால்வாசி கப்பித்தானின் மனைவி என்றார்கள்.

அதற்குப் பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கையில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற மெஷின் இருக்கிறவளுக்கு உலகத்துத் துயரமெல்லாம் ஃப்ளெக்ஸில் தீர்ந்துவிடும் என்றுதானே தோன்றும்?

மனாங்கை உச்சி முதல் பாதம்வரை போட்டோ எடுத்தாள். ஊர்த்திருவிழா ஃப்ளெக்ஸுக்கு என்று பொய் சொல்லித்தான் எடுத்தாள். ஆளைவிடப் பெரிய படம். பக்கத்தில் சிவப்பு எழுத்து: ‘பொதுமக்கள் கவனத்துக்கு! மனாங் சோலெங் அஸ்வாங் அல்ல! அவருடைய இரண்டு பாதியும் ஒன்றாகத்தான் இருக்கின்றன! அனைவரும் சாப்பிட வருக!’ ஃப்ளெக்ஸ் கடை முதலாளி வில்மர் இதற்குப் புதுத் துணி தரமாட்டார். வெட்டி மிஞ்சிய இரண்டு துண்டுகளில் தனித்தனியாக அச்சடித்து நடுவில் பசை போட்டு ஒட்டினாள். ஒட்டு சரியாக இடுப்பில் விழுந்தது. பார்த்தாள். பார்த்தும், தூரத்திலிருந்து தெரியாது என்று நினைத்தாள்.

அதிகாலையில் மனாங் கடைக்கு மேலே கட்டினாள். ஒன்பது மணிக்குக் காற்றோடு மழை வந்தது. பசை விட்டது.

மேல்பாதி ஒரு மூலையில் மட்டும் கயிற்றோடு தொங்கி, தெருவுக்கு மேலே படபடவென்று அடித்துப் பறந்தது. கீழ்ப்பாதி, நீல வாரும் பச்சை வாருமாக, கடை வாசலில் அசையாமல் நின்றது.

பக்கத்துப் பள்ளிக்கூடமே வெளியே வந்து பார்த்தது. ஒருத்தி ‘சேசு மரியா’ என்று சிலுவை போட்டுக்கொண்டாள். விஷயம் தெரியாமல் இருந்த இரண்டு மூன்று பேருக்கும் அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. ரசிகர் ஒருவர் எடுத்த வீடியோ நாடு முழுக்க ஓடியது. மணிலாப் பத்திரிகையில் ஆந்த்ரியா எழுதினாள்: ‘இந்த ஆண்டின் மிகச் சிறந்த விளம்பர உத்தி. தன் புனைவைத் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார் பெசானா.’

கப்பித்தான் எர்னிங் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்கே வந்துவிட்டார்.

“இண்டாய் லோர்னா! மணிலா பேப்பர்ல நம்ம ஊரு! உனக்கு வாழ்த்து வைக்கணும். என் படம் போன தேர்தல்ல எடுத்ததப் போடு, அதுல முடி இருக்கும்.”

“கப்பித்தான், மனாங் கடையில ஒரு வேளை வந்து நாலு பேர் பார்க்கச் சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டா ஊரே சாப்பிடும்.”

கப்பித்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்குச் சர்க்கரை இருக்குல்ல” என்றார். “டாக்டர் வெளிச்சாப்பாடு வேணாம்னு சொல்லியிருக்காரு.”

*

அன்று மாலை லோர்னா ஃப்ளெக்ஸின் கீழ்ப்பாதியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மனாங்கின் முன் நின்றாள். மேல்பாதியை யாரோ கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கொண்டுபோயிருந்தார்கள்.

மனாங் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சட்டியிலும் கறி மிஞ்சியிருந்தது. அதை நாய்களுக்குக் கொட்டிவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மனாங், அடுத்த இதழ்ல காலை மாத்திடறேன். ஒரு விளக்கமும் போட்டு…”

“இண்டாய்” என்றாள் மனாங். “நீ இனிமே எதையும் விளக்காத. கையெடுத்துக் கும்பிடறேன்.”

“நான் நல்லதுக்குத்தான்…”

“தெரியும். கெட்டதுக்குச் செஞ்சிருந்தா உன் தலையில இந்தச் சட்டியக் கவுத்துட்டு நிம்மதியா இங்கயே இருந்திருப்பேன். நல்லதுக்குச் செஞ்சவள என்ன பண்றது?” சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். “உப்பை நீயே ஒரு பிடி கொண்டாந்து போட்டிருக்கலாம். சீக்கிரம் முடிஞ்சிருக்கும்.”

“போயிடாதீங்க மனாங்.”

“இங்க இருந்து யாருக்குச் சமைக்க? உனக்கு ஒருத்திக்கா? பக்கோலோடுல மக சந்து முனையில எடம் பார்த்திருக்கா. அங்க எனக்கு ஒரே ஒடம்புதான்.”

அவள் எழுந்தாள். லோர்னாவின் கையிலிருந்த சுருளைப் பார்த்தாள்.

“அதக் குடு. பஸ்ஸுல உக்கார விரிச்சுக்கறேன். நல்ல துணி.”

*

அவள் போனபின் லோர்னா மதியத்தில் ரொட்டி தின்றாள். கடையிருந்த இடத்தில் செல்போன் சார்ஜ் போடுகிறவன் வந்தான். ஊர் அஸ்வாங் பேச்சை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போனது. ஜெரலினுக்கு ஆரோக்கியமாக ஒரு பெண் பிறந்தது. பெயர் வைக்கிறபோது ஃப்ளெக்ஸ் அடிக்க வந்த போயெட், “மனாங் இருந்திருந்தா சாப்பாடு அவகிட்டதான் சொல்லியிருப்பேன்” என்று வெட்கமில்லாமல் சொன்னான். லோர்னா அவனைத் திட்ட வாயெடுத்தாள். எந்த வாயால் திட்டுவது என்று யோசித்து, குழந்தையின் கன்னத்தைச் சிவப்பாக்கிக் கொடுத்தாள்.

‘மிச்சப்பாதி’யை ஓராண்டு தொடவில்லை. சாக்கு ரசிகன் தொடங்கி வாசகர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நாலாம் இதழுக்கு உட்கார்ந்தபோது, மனாங்கின் கால்களை வரையக்கூடாது என்பதில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள். வேறு யாருடைய காலையும் மாட்டிவிடவும் தைரியமில்லை. மிச்சமிருந்தது அவளுடைய காலே. கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, முன்னால் நடந்து பார்த்து வரைந்தாள். கோபப்பட்டுப் பார்த்தாள். கால் கோபப்படவில்லை. காதலித்துப் பார்த்தாள். சுளுக்கிக்கொண்டதுதான் பலன்.

புத்தகம் வெளிவந்தது. ‘கீழ்ப்பாதிக்கு நடிப்பு போய்விட்டது’ என்று ரசிகர்கள் எழுதினார்கள். ‘யாரோ குமாஸ்தா நடப்பது போலிருக்கிறது’ என்றார் ஒருவர். ஆந்த்ரியா மட்டும், இந்த உணர்ச்சியற்ற நடை புகழின் வெறுமையைச் சொல்கிறது என்று எழுதி அடிக்கோடு போட்டாள். லோர்னா அந்தப் பக்கத்தை மடித்துக் கப்பித்தான் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தாள்.

பக்கோலோடுக்கு அவள் போன் போட்டது பல தடவை. மகள் எடுப்பாள். “அம்மா கடையில இருக்காங்க” என்பாள். கடை ஓடுகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. அதற்குமேல் கேட்கிற உரிமை தனக்கில்லை என்று லோர்னா வைத்துவிடுவாள்.

மனாங் போய் மூன்றாவது மழைக்காலத்தில், லோர்னா ஒரு மரண ஃப்ளெக்ஸுக்கு மெழுகுவர்த்தி ஒட்டிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. எழுத்தெல்லாம் மூச்சுவிடாமல் ஓடியது.

“இண்டாய் நான் சோலெங். பேத்தி போன். அவ உன் நாலாவது புத்தகம் வச்சிருந்தா, படிச்சேன். அந்தக் கால் யாருது? கொக்கு மாதிரி இருக்கு. அந்தக் காலை வச்சுக்கிட்டு சந்தைக்கு ஒரு தடவ போயிட்டு வர முடியுமா? இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது, ரத்தக் கறி தினமும் காலியாகுது. மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத, அது வேற. ஆனா காலை என்னோடதையே போடு. டிவிக்காரன் கேட்டா கற்பனைன்னு சொல்லு, வேற ஒரு வார்த்தை பேசாத. இப்ப இடது முட்டி வலிக்குது, அதனால படி ஏறும்போது வலது கால் முன்னாடி வரும். இறங்கும்போதுதான் இடது. பார்த்து வரை.”